மருமவனே, டேங்கை நிரப்பு

ஏலே மருமவனே, நீ கார் புக் பண்ணின சேதியை உன் அம்மா போன்ல சொன்னா. ஏழு பேர் உக்காருற காராம். நல்லதுதாம்லே. வீட்ல நீ, உன் பொண்டாட்டி, இடுப்புல ஒரு பிள்ளை. மிச்சமுள்ள சீட்டுல உன் கௌரவத்தை உக்கார வச்சு, பெல்ட் மாட்டிக் கூட்டிட்டு வா. குற்றாலத்துல சாரல் விழுந்தாச்சு, ஐந்தருவியில தண்ணி நல்லா கொட்டுது. உன் கௌரவமும் ஒரு குளி குளிச்சுட்டுப் போகட்டும்.

கார் வாங்க மாமன்கிட்ட யோசனை கேக்கலையேன்னு எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சைக்கிளுக்குச் செயின் மாட்டத் தெரிஞ்சவன்கிட்ட கார் யோசனை கேட்டு என்ன ஆகப்போகுது. ஆனா அதே போனை நீ வாங்கி, பெட்ரோல் விலையைப் பத்தி ஒரு பாட்டம் அழுதியே, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. உலகத்துலேயே நம்ம நாட்டுலதான் விலை அதிகம்னு சொன்ன. அமெரிக்காவுல இருக்க உன் அண்ணன் நம்மளைவிட மலிவா போடுதான்னு சொன்ன. அழு மருமவனே, நல்லா அழு. பெட்ரோல் விலைக்கு அழாதவன் மனுசனா? ஆனா எதுக்கு அழணும், யாரைப் பாத்து அழணும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு புளியரையில இருக்கு.

வந்த மறுநாள் காலையில என்கூட அங்க வா. தென்காசி தாண்டி பிரானூர் பார்டர், அதுக்கப்புறம் செங்கோட்டை, அதுக்கப்புறம் மலையடிவாரம். பிரானூர்னு சொன்னதுமே உனக்கு பரோட்டாவும் நாட்டுக்கோழியும் நாக்குல ஊறும், தெரியும். அந்த இடத்தை ஏன் பார்டர்ங்காவன்னு நீ ஒரு நாளும் கேட்டதில்ல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் செங்கோட்டை மலையாள ராஜ்யம்லே. எல்லைக்கோடு பிரானூர்ல கிடந்தது. அப்புறம் கோடு மலை ஏறி கோட்டவாசலுக்குப் போயிட்டு. பேரு மட்டும் பரோட்டாக்கல்லு பக்கத்துலயே நின்னுட்டு.

அந்தக் கோடு எங்க கிடக்கோ, அதுதான் மருமவனே பெட்ரோல் விலை. எண்ணெய் பூமிக்கடியில ஒரே விலையிலதான் கிடக்கு. மேல வந்து ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் அதுக்கு ஒரு புது விலை.

நம்பலேன்னா புளியரை பல்க்குல அரை மணி நேரம் சும்மா நின்னு பாரு. எஸ் வளைவுல இருந்து கே.எல். நம்பர் வண்டி ஒண்ணொண்ணா இறங்கும். சில பேரு இன்ஜினை அணைச்சுட்டு நியூட்ரல்லயே உருட்டிட்டு வாராவ. பிரேக் பிடிக்கலேன்னா பெட்ரோலோட சேத்து அன்னைக்குச் சோறும் மிச்சம். அந்த வித்தையை நீ படிக்காத. வண்டி வந்து நின்னதும் பம்புல நிக்க பையன் "ஜீரோ பாத்துக்கோங்க சேட்டா"ம்பான். சேட்டன் ஜீரோவைப் பாக்க மாட்டான், "ஃபுல்"லுன்னு ஒரே வார்த்தைதான். ரொம்பினதும் பம்பு 'டக்'குன்னு நிக்கும். உடனே சேட்டன் கீழ இறங்கி, வண்டிக்குப் பின்னால போயி, ரெண்டு கையையும் வச்சு ஒரு உலுக்கு உலுக்குவான். நுரை அடங்கி இன்னும் கொஞ்சம் இறங்கும். மறுபடி ஒரு உலுக்கு. மூடியைத் திருகும்போது அவன் முகத்தைப் பாக்கணுமே, ஏதோ அரசாங்கத்தையே உலுக்கி வாங்கிட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

எதுக்கு இவ்வளவு பாடு? லிட்டருக்கு அஞ்சாறு ரூபா வித்தியாசம். 2024 மார்ச்சுல நாடு முழுக்க ரெண்டு ரூபா குறைச்சாவல்ல, அப்பம் சென்னையில லிட்டர் 100 ரூபா 75 காசு. திருவனந்தபுரத்துல 107-க்கு மேல. நம்ம ஊர்ல வாட் வரி நூத்துக்கு 13, அதுக்கு மேல லிட்டருக்கு 11 ரூபா 52 காசு. 2021 ஆகஸ்ட்ல பட்ஜெட் போட்ட பழனிவேல் தியாகராஜன் மூணு ரூபா குறைச்சு வச்சது அது. கேரளாவுல வாட் மட்டுமே நூத்துக்கு 30 ரூபா 8 காசு, அதுக்கு மேல கூடுதல் வரி, செஸ்சுன்னு வரிசையா நிக்கும்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, கேரளாவுலதான் கொச்சிக்குப் பக்கத்துல அம்பலமுகள்ல சுத்திகரிப்பு ஆலை இருக்கு. அங்க வடிச்ச பெட்ரோல் குழாய்ல ஏறி, பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, கோயம்புத்தூர்ப் பக்கம் இருகூருக்கும் கரூருக்கும் வருது. வடிச்ச ஊர்ல விலை கூட, குழாய் வந்து சேருற ஊர்ல விலை கம்மி. தூரம் கூடினா விலை கூடும்னு உனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாவல்ல? அந்த வாத்தியாரையும் ஒரு நாள் புளியரைக்குக் கூட்டிட்டு வா.

சேட்டனை நான் கேலி பண்ணுதேன்னு நினைக்காத. 2023 ஏப்ரல்ல இருந்து அவங்க ஊர்ல லிட்டருக்கு ரெண்டு ரூபா தனியா பிடிக்காவ, வயசானவங்களுக்குப் பென்ஷன் குடுக்குற நிதிக்காம். சேட்டன் இங்க வந்து டேங்க்கை ரொப்பும்போதெல்லாம் ஊர்ல அவன் அம்மச்சி பென்ஷன்ல ரெண்டு ரெண்டு ரூபாயா நழுவுது. மலை ஏறிப் போனதும் "பென்ஷன் பாக்கி வச்சுட்டாவ"ன்னு அரசாங்கத்தை ஏசுறதும் அவன்தான். அவன் இங்க கட்டின வாட் நம்ம கஜானாவுக்குப் போகுது. அந்தக் கஜானாவுல இருந்துதான் 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் கிடையாது. ஆக, சேட்டன் உலுக்கி உலுக்கி ரொப்பின பெட்ரோல்லதான் உன் அத்தை சுரண்டைக்கு ஓசியில போயிட்டு வாரா. அம்மச்சிக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாளோ.

லாரி கதை தனி. பாவூர்சத்திரம் மார்க்கெட்ல கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏத்தின லாரி இங்கன டீசல் போட்டுட்டுத்தான் மலை ஏறும். கல்லும் எம்-சாண்டும் ஏத்தின லாரியும் அப்படித்தான். உடைச்ச மலை நம்மளுது, எரியுற டீசல் நம்மளுது, கட்டுற வீடு மட்டும் அவங்களுது. இதைப் பத்தி அழணும்னு உனக்கு ஏன் தோணல?

இது நம்ம ஊர்க் கூத்து மட்டும்னு நினைக்காத. கேரளாக்காரன் மாஹேக்குப் போனா லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல மிச்சம், அது புதுச்சேரிக் கணக்குல வார ஊரு. பூடான் எண்ணெயை இந்தியாகிட்டதான் வாங்குது, ஆனா அங்க பெட்ரோல் விலை இந்தியாவைவிடக் கம்மி, அசாம்காரன் கோடு தாண்டிப் போயி ரொப்பிட்டு வாரான். விக்கிறவன் ஊர்ல கூட, வாங்குறவன் ஊர்ல கம்மி. கோடு இருக்க இடத்துல எல்லாம் ஒரு புளியரை இருக்குலே.

இப்பம் உன் அண்ணன் அமெரிக்காவுக்கு வாரேன். காலன் மூணு டாலருக்குப் போடுதேங்கான். காலன்னா 3.785 லிட்டர். வகுத்துப் பாத்தா லிட்டர் நம்ம காசுல எழுபது ரூபாய்க்குப் பக்கம். மலிவுதான், இல்லேங்கல. அங்க மத்திய அரசு வரி காலனுக்கு 18.4 சென்ட், 1993-ல வச்சது. அதுக்கப்புறம் எத்தனையோ ஜனாதிபதி வந்தாவ, போனாவ, அந்த வரியை ஒரு சென்ட் கூட ஏத்த ஒருத்தருக்கும் தைரியம் வரல. லிட்டருக்கு நம்ம காசுல நாலு ரூபாதான். மாநில வரி தனி. நம்ம மத்திய அரசு வரி 2022 மே மாசத்துல குறைச்ச பிறகும் லிட்டருக்கு 19 ரூபா 90 காசா இருந்துது.

விலை மலிவா இருந்தா மனுசன் என்ன செய்வான்? குடிப்பான். அமெரிக்கா ஒரு நாளைக்கு ரெண்டு கோடி பீப்பாய் எண்ணெய் செலவழிக்குது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். தொட்டில்ல கிடக்க பிள்ளையையும் சேத்துத் தலைக்கு வகுத்தா, ஆளுக்கு ஒன்பது லிட்டருக்கு மேல, தினம். நாம உலகத்துல மூணாவது பெரிய எண்ணெய்க் குடிகாரங்க, அமெரிக்காவும் சீனாவும்தான் முன்னால. ஆனா நூத்தி நாப்பது கோடி தலைக்கு வகுத்தா ஆளுக்கு அரை லிட்டர் சொச்சம். அந்த அரை லிட்டர்லயும் பெரிய பங்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் போற டீசல். உன்னை மாதிரி கார்ல போறவன் குடிக்கிறது போக, நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைக்கு மிஞ்சினது ஒரு டம்ளர்.

அவளை வச்சுத்தான் விலையைப் பாக்கணும். அமெரிக்காவுல 2009-ல இருந்து மத்திய அரசு வச்ச குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஒரு மணி நேரம் தரை துடைச்சா ஒன்பது லிட்டர் வாங்கலாம். தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு 2024-25-ல கூலி 319 ரூபா. ஒரு நாள் முழுக்க வெயில்ல மண்ணு சுமந்தா மூணு லிட்டர். உலகத்துலேயே இங்கதான் விலை அதிகம்னு சொன்னியே, அந்த வார்த்தையை உன் பெயர்ல சொல்லாத, அவ பெயர்ல சொல்லு, அப்பம் ஓரளவு நியாயம் இருக்கும். அவ ஒரு நாளும் பெட்ரோல் விலைக்கு அழுது நான் பாத்ததில்ல. மிளகாய் விலைக்கு அழுவா, தக்காளி விலைக்கு அழுவா. அதுக்குள்ளதான் டீசல் இருக்குன்னு அவளுக்கு யாரும் சொல்லல.

எண்ணெய் நம்மளுதா? நூறு லிட்டர்ல 85 லிட்டருக்கு மேல கப்பல்ல வாரது. நம்ம சீமையிலயும் இல்லாம இல்ல. நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்துல எடுக்காவ. உன் காருக்குக் காணும், நாட்டுக்குக் காணாது.

இதையெல்லாம் கடையநல்லூர்ல போயி பேசிப் பாரு, சிரிப்பாவ. அந்த ஊர்லயிருந்து துபாய்க்கும் சவுதிக்கும் குவைத்துக்கும் போனவங்க எத்தனை பேரு! அவங்களுக்கு எண்ணெய் விலை ஏறினா இங்க பெட்ரோலுக்குக் கூட காசு போகும், ஆனா அங்க கம்பெனியில வேலை நிக்காது, மாசாமாசம் பணம் வந்துரும். விலை இறங்கினா இங்க பல்க்குல சந்தோஷம், அங்க கம்பெனியில ஆளைக் குறைப்பாவ, மாப்பிள்ளை பெட்டியோட திரும்பி வந்துருவான். பெட்ரோல் விலை இறங்கணும்னு சாமி கும்பிடுற வீட்டுக்கு அடுத்த வீட்லயே ஏறணும்னு கும்பிடுதாவ. எந்தச் சாமியா இருந்தாலும் குழம்பித்தான் போவாரு. எண்ணெயை நம்பி இருக்கதுன்னா அது அரபிக்காரன்கிட்ட நாம வாங்குறது மட்டும் இல்ல மருமவனே, நம்ம பிள்ளைகளை அவன்கிட்ட அனுப்பி வச்சிருக்கதும்தான்.

அங்கேயும் இப்பம் பழைய மலிவு கிடையாது. அமீரகத்துல 2015 ஆகஸ்ட்ல இருந்து விலையை மாசாமாசம் மாத்துதாவ. சவுதியில 2018 ஜனவரியில ஒரே ராத்திரியில முக்கால் ரியால்ல இருந்து 1.37 ரியாலாக்கினாவ. கிணத்துக்குச் சொந்தக்காரனே அளந்து ஊத்த ஆரம்பிச்சுட்டான்.

அளந்து ஊத்துறதுல நார்வேக்காரனை அடிச்சுக்க ஆள் கிடையாது. 1969-ல அவன் கடல்ல எண்ணெய் கண்டான். அவ்வளவு எண்ணெய் வச்சுக்கிட்டு உள்ளூர்ல லிட்டரை நம்ம காசுக்கு 150 ரூபாய்க்கு மேல விக்கான். பாலையெல்லாம் சொசைட்டியில ஊத்திட்டு வீட்டுப் பிள்ளைக்கு மோர் குடுக்குற பொம்பளையைப் பாத்திருக்கல்ல, அந்த ஜாதி. வித்த காசை ஒரு நிதியில போட்டு மூடி வச்சிருக்கான், அது லட்சம் கோடி டாலரைத் தாண்டிட்டு. 2024-ல அவன் ஊர்ல வித்த புதுக் கார் பத்துல ஒன்பது கரண்ட் காரு. தன் சரக்கைத் தானே தொடமாட்டேங்கிற சாராய வியாபாரி அவன்.

வெனிசுவேலாக்காரன் நேர் எதிர். உலகத்துலேயே பெரிய எண்ணெய் இருப்பு அவன் பூமியிலதான். பெட்ரோலைத் தண்ணி விலைக்குக் குடுத்தான், ஏத்தினா ஜனங்க அடிச்சு நொறுக்கும்னு பயம். பயம் சும்மா வரல. 1989-ல விலையையும் பஸ் கட்டணத்தையும் ஏத்தினதுக்குத் தலைநகரமே கலவரத்துல எரிஞ்சுது. கடைசியில 2020-ல ஆலை ஓடாம, ஈரான் அஞ்சு கப்பல்ல பெட்ரோல் அனுப்பி அவன் குடிச்சான். உனக்கு நார்வே விலை வேணுமா, வெனிசுவேலா விலை வேணுமா? யோசிச்சு சொல்லு.

இலங்கையைச் சொல்லாம விட்டா தப்பு. தூத்துக்குடியில நின்னு கை நீட்டினா தொடுற தூரம். 2022-ல டாலர் தீந்து போச்சு, அவ்வளவுதான், எண்ணெய் நின்னுட்டு. மே மாசம் லிட்டர் 420 ரூபா, ஜூன்ல 470. வரிசையில நின்னு செத்தவங்க உண்டு. அப்புறம் கியூ.ஆர். கோடு குடுத்து, பைக்குக்கு வாரத்துக்கு நாலு லிட்டர், காருக்கு இருபதுன்னு அளந்து ஊத்தினாவ. உன் ஏழு சீட்டு வண்டி அங்க இருந்திருந்தா ஒரு தடவை ஏர்போர்ட் போயிட்டு வந்து அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் கோழி அடையப் போட்டிருக்கலாம். ஆனா யாழ்ப்பாணத்துக்காரங்க இதைக் கண்டு பதறல. தொண்ணூறுகள்ல சண்டைக் காலத்துல பெட்ரோலே வரவிடாமத் தடை போட்டப்பம், பழைய ஆஸ்டினையும் மோரிஸையும் மண்ணெண்ணெயில ஓட்டினவங்க அவங்க. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டு பெட்ரோலை மருந்து மாதிரி வார்ப்பாங்களாம், அப்புறம் புகையைக் கக்கிட்டு வண்டி ஓடும். மத்தவங்க எல்லாம் சைக்கிள்.

நம்ம ஊர்லயும் அப்படி ஒரு காலம் உண்டு. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் கிடைக்காம பஸ்ஸுக்குப் பின்னால கரி அடுப்பு கட்டி ஓட்டினாவ. காலையில வண்டி கிளம்பணும்னா அதுக்கு முன்னால கரியைப் போட்டு, விசிறியைச் சுத்தி, நெருப்பைக் கிளப்பணும். ஏத்தம் வந்தா பாதி ஜனம் இறங்கித் தள்ளணும்னு எங்க ஐயா சொல்லுவாவ. டிக்கெட்டும் வாங்கணும், தள்ளவும் செய்யணும். அதே மாதிரி 1973 நவம்பர்ல அரபு நாடுக எண்ணெயை நிறுத்தி விலை ஏறினப்பம், வாஜ்பாய் மாட்டு வண்டியில பார்லிமெண்டுக்குப் போனாரு. பேப்பர்ல பெரிய படம். எங்க தெருவுல தினம் எல்லாரும் மாட்டு வண்டியிலதான் போனோம், ஒரு பயலும் படம் எடுக்கல.

நம்ம நாட்டு விலைக்கு வாரேன், அதுல உனக்கு நியாயமா அழ இடம் இருக்கு. 2017 ஜூன் 16-ல இருந்து விலையைத் தினம் மாத்துவோம், உலகச் சந்தை ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும்னு சொன்னாவ. ஏறுறது சரியா நடந்துது. 2020 ஏப்ரல்ல கொரோனாவுல அமெரிக்காவுல ஒரு பீப்பாய் எண்ணெய் விலை மைனஸ் 37 டாலருக்குப் போச்சு. எடுத்துட்டுப் போறவனுக்குக் காசு குடுத்து அனுப்புற நிலைமை. நமக்கு என்ன கிடைச்சுது? மே மாசம் மத்திய அரசு பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதிமூணு ரூபாயும் வரி ஏத்திச்சு. தினம் மாறுற விலை 2021 தீபாவளிக்கு அப்புறம் உத்தரப் பிரதேசத் தேர்தல் முடியுற வரைக்கும் கண்ணை மூடித் தூங்கிட்டு, முடிஞ்சதும் எழுந்து ரெண்டு வாரத்துல பத்து ரூபா ஏறிச்சு. 2024 தேர்தலுக்கு முன்னால மறுபடி அந்த ரெண்டு ரூபா இறங்கிச்சு. உலகச் சந்தைக்கு நம்ம ஓட்டுச்சாவடி எங்க இருக்குன்னு எப்படியோ தெரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு, எனக்கு வயித்தெரிச்சல். 2021 பட்ஜெட்ல பெட்ரோலுக்கு ரெண்டரை ரூபாயும் டீசலுக்கு நாலு ரூபாயும் 'விவசாய உள்கட்டமைப்பு செஸ்'னு பேரு வச்சாவ. டிராக்டருக்கு டீசல் போடுற விவசாயிகிட்ட வாங்கி விவசாயிக்குக் குடுக்காவளாம். செஸ்சுன்னு பேரு வச்சா மாநிலத்துக்குப் பங்கு குடுக்க வேண்டாம் பாரு. அந்த உள்கட்டமைப்பு எங்க ஊர்ப்பக்கம் வந்தா உனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புதேன். சங்கரன்கோவில் பக்கம் மானாவாரியில போட்ட மக்காச்சோளத்துல எத்தனால் எடுத்து உன் பெட்ரோல்ல கலக்காவ. நான் விளைச்சதை உன் காரு குடிக்குது, மைலேஜ் குறைஞ்சா என்னைத் திட்டாத.

"அப்பம் கரண்ட் கார் வாங்கவா மாமா"ன்னு கேப்ப. வாங்கலாம். குற்றாலத்துக்குச் சாரல் கொண்டு வார அதே காத்துதான் செங்கோட்டைக் கணவாய்ல நுழைஞ்சு சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காத்தாலையைச் சுத்துது. ஆனி, ஆடியில குளிக்கவும் செய்யலாம், சார்ஜும் போடலாம். பேட்டரிக்குச் சீனாக்காரன் முகத்தைப் பாக்கணும், அது வேற. ஒருத்தன் கையில இருந்து இன்னொருத்தன் கைக்கு மாறினாலும் கொஞ்ச நாள் மூச்சு விடலாம்.

நீ புக் பண்ணினது பெட்ரோல் காருன்னு தெரிஞ்சும் இதைச் சொல்லுதேன் பாரு. சரி, மெட்ராஸ்ல இருந்து தென்காசிக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல. பெரிய வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு குடுத்தா பெருசு. போக அம்பது லிட்டர், வர அம்பது லிட்டர், டோல்கேட் எல்லாம் தனி. பொதிகை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலையில தென்காசியில இறங்கலாம், படுக்கை டிக்கெட் ஐநூறுக்குள்ள. ஆனா பொதிகையில வந்தா காரு எங்கன்னு சொந்தக்காரங்க கேப்பாவ, அந்த அவமானத்துக்கு முன்னால பத்தாயிரம் ரூபா ஒரு காசா. கார்லயே வா. அருவிக்கரையில நிறுத்த இடம் கிடைக்காம மூணு சுத்து சுத்து, ஏசியைப் போட்டுட்டு, கண்ணாடிக்கு வெளிய சாரல் அடிக்கிறதைப் பாத்துக்கிட்டு.

வந்தா ஒண்ணு மட்டும் செய். டேங்கை மெட்ராஸ்லயோ வேற எங்கயோ ரொப்பாத, நம்ம ஊர் பல்க்குல ரொப்பு, ரெண்டு உலுக்கு உலுக்கி ரொப்பு. பில்லை என்கிட்ட குடு. லிட்டருக்கு இருபத்தொண்ணு ரூபாய்க்கு மேல தமிழ்நாட்டு வாட். அம்பது லிட்டர்னா ஆயிரத்துச் சொச்சம். 2023 செப்டம்பர்ல இருந்து உன் அத்தைக்கு மாசாமாசம் வார உரிமைத்தொகை சரியா ஆயிரம் ரூபா. போன தடவை வந்தப்பம் "அத்தைக்கு எல்லாம் ஓசி"ன்னு நீ கேலி பண்ணினல்ல, அவ அதை மறக்கல. பில்லைக் காட்டி, இந்த மாசம் உனக்கு மருமவன்தான் படி அளந்திருக்கான்னு சொல்லுதேன், உனக்குக் கோழி அடிச்சுப் போடுவா.

சாப்பிட்டு முடிச்சதும் காரை எடுத்துட்டு உன் சித்தப்பா வீட்டு வாசலுக்கு மாத்திரு. சொந்தக் கார் இருக்க வீட்டுக்கு அந்த ஆயிரம் கிடையாதாம். யாராவது பாத்து எழுதிப் போட்டுட்டா, உன் அத்தை என்னை வீட்ல வச்சுக்க மாட்டா.